லாம்ப்ரெட்டா டி.வி. 175 முதல் வரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்கூட்டர் என்று பேச்செடுத்தால் 1946-இன் வெஸ்பா 98, 1947-இன் லாம்ப்ரெட்டா ஏ என்று மூத்த பிள்ளைகளின் பெயர்தான் முதலில் வரும். இந்தப் பக்கம் ஒரு நடுப்பிள்ளையைப் பற்றியது. 1957 செப்டம்பரில் மிலானில் பிறந்த வண்டி இது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் இதன் தயாரிப்பு நின்றுபோனது. செய்த நிறுவனமே சீக்கிரம் மறந்துவிட நினைத்த இந்த வண்டிக்கு ஸ்கூட்டர் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். லாம்ப்ரெட்டா ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டி.வி. என்பது எதன் சுருக்கம்?

'துரிஸ்மோ வெலோச்சே' என்ற இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள். விரைவான நெடும்பயணத்துக்கானது என்று பொருள் கொள்ளலாம். தொலைக்காட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 175 என்பது எஞ்சின் கொள்ளளவைச் சொல்ல வந்த எண். ஆனால் முதல் வரிசை வண்டியில் இருந்தது 170 சி.சி.தான். 175-ஐ உண்மையாகவே தொட்டது 1959-இல் வந்த இரண்டாம் வரிசை. பெயர்ப்பலகையில் ஒரே எண், உள்ளே இரண்டு வெவ்வேறு எஞ்சின்கள். இந்த 5 சி.சி. வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வண்டியின் முழுக் கதையும் வந்துவிடும்.

இதைச் செய்த இன்னொசென்டி நிறுவனம் எப்படிப்பட்டது? குழாய் செய்தவர்கள் என்கிறார்களே?

ஆமாம், குழாய்தான். 1891-இல் பெஷா என்ற ஊரில் பிறந்த ஃபெர்டினாண்டோ இன்னொசென்டி எஃகுக் குழாய்த் தொழிலில்தான் பெயர் எடுத்தார். கட்டடச் சாரம் கட்டுவதற்குக் குழாய்களையும் அவற்றைப் பிணைக்கும் பூட்டுகளையும் செய்தார். இத்தாலியில் இன்றும் சாரக் குழாயை 'இன்னொசென்டி குழாய்' என்றே சொல்கிறார்கள். மிலானின் லாம்ப்ராத்தே பகுதியில் இருந்த அவருடைய ஆலை இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சிதைந்தது. போர் முடிந்ததும், பேருந்தும் ரயிலும் ஒழுங்காக ஓடாத நாட்டில் ஜனங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது மலிவான வாகனம் என்று கணித்து ஸ்கூட்டரில் இறங்கினார். ஆலையை ஒட்டி ஓடும் லாம்ப்ரோ ஆற்றிலிருந்து வண்டிக்குப் பெயர் வந்தது. முதல் மாதிரியான 'ஏ' 1947 அக்டோபரில் வெளியானது.

குழாய்க்காரர் செய்த வண்டி என்பது அதன் எலும்பிலேயே தெரியும். வெஸ்பாவில் தகட்டை அழுத்தி வளைத்த உடலே வண்டியைத் தாங்கும் சட்டம். லாம்ப்ரெட்டாவில் குழாயாலான சட்டம் தனி, மேலே மாட்டிய தகடுகள் தனி. வெஸ்பாவின் எஞ்சின் பின்சக்கரத்தின் ஒரு பக்கமாகத் தொங்கும். லாம்ப்ரெட்டாவில் அது வண்டியின் நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியவர்கள் லாம்ப்ரெட்டா நேராக நிற்கிறது என்று சொல்வதற்குக் காரணம் இந்த எடைப் பங்கீடுதான்.

1957-இல் இப்படி ஒரு வேக ஸ்கூட்டருக்கு என்ன அவசியம் வந்தது?

இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கடி. ஒரு பக்கம் வெஸ்பா. 1955-இல் பியாஜ்ஜோ வெளியிட்ட வெஸ்பா 150 ஜி.எஸ். நான்கு கியர், 10 அங்குலச் சக்கரம், 8 குதிரைத்திறன், மணிக்கு 100 கி.மீ. வேகம் என்று வந்து நின்றது. அப்போது இன்னொசென்டி கையில் இருந்த பெரிய வண்டி எல்.டி. 150. அதற்கு மூன்றே கியர், 8 அங்குலச் சக்கரம், வேகம் 80 கி.மீ. அளவில். வேகத்தில் சாதனை படைத்த நிறுவனம் அது. 1951 ஆகஸ்டில் மியூனிக் அருகே நெடுஞ்சாலையில் ரோமோலோ ஃபெர்ரி, காற்றைக் கிழிக்கும் கூடு பொருத்திய 125 சி.சி. லாம்ப்ரெட்டாவை மணிக்கு 201 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் கடை வாசலில் ஜி.எஸ்.ஸுக்குப் பதில் சொல்ல ஒரு வண்டி இல்லாமல் நின்றார்கள்.

மறுபக்கம் கார். 1957 ஜூலையில் ஃபியட் தன் புதிய 500 காரை வெளியிட்டது. மழையில் நனையாமல், குடும்பத்தோடு போகலாம் என்ற ஆசை நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. பத்து ஆண்டுகளாக ஸ்கூட்டர் வாங்கி வந்த ஆட்களைத் தக்க வைக்க வேண்டுமானால், ஸ்கூட்டர் வெறும் ஏழைக்கேற்ற வாகனமாக இருந்தால் போதாது. நீண்ட தூரம், இரண்டு பேர், களைப்பில்லாமல், மற்ற வண்டிகளுக்கு ஈடாக ஓட வேண்டும். டி.வி. 175 வந்த ஆண்டையும் ஃபியட் 500 வந்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வண்டியைப் புரிந்துகொள்ள முடியாது என்பேன்.

அப்படி இதில் என்னதான் புதிதாக இருந்தது?

கிட்டத்தட்ட எல்லாமே. அதுதான் இதன் அழகும், பிறகு வந்த வினையும்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். அதுவரை வந்த லாம்ப்ரெட்டாக்களில் எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போனது ஒரு தண்டு. அதன் நுனிகளில் கூம்புப் பற்சக்கரங்கள் இருக்கும். உறுதியான அமைப்புதான், ஆனால் துல்லியமாகக் கடைய வேண்டும், செலவு கூடும். டி.வி.யில் அதைத் தூக்கிவிட்டு, மூடிய எஞ்சின் கூட்டுக்குள் எண்ணெயில் ஓடும் செயினை வைத்தார்கள். வெளியே தெரியாது, தூசி படாது, சத்தம் குறைவு. சிலிண்டரைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்தார்கள். கியர் மூன்றிலிருந்து நான்கானது.

சிலிண்டரின் விட்டம் 60 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 60 மி.மீ. போரும் ஸ்ட்ரோக்கும் சமமாக இருப்பதைச் சதுர எஞ்சின் என்பார்கள். அதற்கு முந்திய லாம்ப்ரெட்டாக்களில் ஸ்ட்ரோக் நீளம், போர் குறுகல். எல்.டி. 150-இல் 57-க்கு 58, எல்.டி. 125-இல் 52-க்கு 58. போர் அகலமாக இருந்தால், ஒரே வேகத்தில் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் கொள்ளளவைப் பார்க்கக் குறைவு. துளைகளுக்கும் சிலிண்டர் சுவரில் இடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மூச்சு விடுவதெல்லாம் அந்தத் துளைகள் வழியாகத்தான். ஆக, காகிதத்தில் இது நல்ல கணக்கு. 6,000 சுற்றில் 8.6 குதிரைத்திறன் கிடைத்தது.

வண்டியின் மற்ற பாகங்களும் அதற்கேற்ப வளர்ந்தன. 10 அங்குலச் சக்கரம் லாம்ப்ரெட்டாவுக்கு வந்தது இதில்தான். முன்பக்கம் ஸ்பிரிங்கோடு கூடவே ஷாக் அப்சார்பரும் வைத்தார்கள். தனித்தனி சேணத்துக்குப் பதில் இருவர் சேர்ந்து உட்காரும் நீள சீட். கால் தடுப்புத் தகடும் பக்கவாட்டு மூடிகளும் சேர்ந்து வண்டிக்கு ஒரு முழுமையான, இழுத்துவிட்ட உருவத்தைக் கொடுத்தன. ஹெட்லைட் ஹேண்டில்பாரில் இல்லை. முன்பக்கக் கூட்டில், ஹார்னுக்கு மேலே நிலையாகப் பதித்திருந்தார்கள். ஹேண்டிலைத் திருப்பினாலும் வெளிச்சம் நேராகவே அடிக்கும். இரவில் வளைவு திரும்பும்போது இது தொல்லைதான். ஆனால் கண்ணுக்கு, பின்னால் வந்த எந்த வரிசையையும்விட இந்த முகம்தான் எனக்குப் பிடிக்கும்.

நூறைத் தாண்டுமா?

நிறுவனம் சொன்ன உச்ச வேகம் மணிக்கு 103 கி.மீ. ஜி.எஸ்.ஸைவிட ஒரு முழம் முன்னே நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் அந்த மூன்றில் தெரிகிறது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின், ஒற்றை ஆள், சமதளம் என்றால் அந்தப் பக்கம் போகும். இந்த வயதில் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன். நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் டிரம் பிரேக் மட்டுமே.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் ஓராண்டுக்கு மேல் செய்யவில்லை?

எஞ்சின் காலை வாரியது. புதிய சிலிண்டர் அமைப்பு, புதிய செயின், புதிய நான்கு கியர் பெட்டி, அதுவரை லாம்ப்ரெட்டா கொடுத்திராத சக்தி என்று எல்லாம் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், வாடிக்கையாளர் கையில் போய்ச் சேர்ந்தன. சிக்கலான எஞ்சின், நம்பகம் குறைவு என்ற பெயர் விரைவிலேயே ஒட்டிக்கொண்டது. வேக வண்டி வாங்குபவர் சும்மா இருக்க மாட்டார். நாள் முழுக்க முறுக்கித்தான் ஓட்டுவார். எல்.டி.யைப்போல நிதானமாக ஓட்டினால் தாங்கியிருக்கக்கூடிய பாகங்கள் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் சோதிக்கப்பட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிய காரணமாகப் படுகிறது. 1958 வசந்தத்தில் இன்னொசென்டி எல்.ஐ. 150-ஐ வெளியிட்டது. அடுத்து எல்.ஐ. 125 வந்தது. வெளியே பார்த்தால் டி.வி.யின் தம்பி போலவே இருக்கும். அதே உருவம், அதே பதித்த ஹெட்லைட், அதே 10 அங்குலச் சக்கரம், உள்ளே மூடிய செயின், நான்கு கியர். ஆனால் எஞ்சின் வேறு. டி.வி.யின் யோசனைகளை எடுத்துக்கொண்டு, செய்ய எளிதாக, பிரித்துப் பூட்ட எளிதாக மறுபடி வரைந்த எஞ்சின் அது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் முன்னால், கியர் பெட்டி பின்சக்கரத்தை ஒட்டி, நடுவில் இரட்டைச் செயின். ஒரு மெக்கானிக் பக்கத்து மூடியைக் கழற்றினாலே கிளட்ச், செயின், கியர் எல்லாம் கண் முன்னே நிற்கும்.

இப்போது ஆலை நிர்வாகியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு எஞ்சின்கள். ஒன்று ஆயிரக்கணக்கில் விற்கும், புகார் இல்லாதது. மற்றது குறைவாக விற்கும், புகாரோடு திரும்பி வருவது. இரண்டுக்கும் பாகங்கள் பொதுவில்லை. எல்.ஐ. எஞ்சினின் போரை மட்டும் பெரிதாக்கினால் 175 கிடைத்துவிடும் என்றால் மற்றதை ஏன் வைத்திருக்க வேண்டும்? 1958 முடிவதற்குள் முதல் டி.வி.யின் கணக்கு முடிந்தது. மொத்தமாக வெளிவந்தவை சுமார் 10,000 வண்டிகள்.

அந்த 58 மி.மீ. விஷயம் என்ன?

இதை விளக்கமாகச் சொல்ல எனக்கு ஆசை. மன்னிக்கவும், கொஞ்சம் எண்கள் வரும்.

1947-இன் முதல் லாம்ப்ரெட்டா: போர் 52, ஸ்ட்ரோக் 58, கொள்ளளவு 123 சி.சி. எல்.டி. 150: போர் 57, ஸ்ட்ரோக் 58, 148 சி.சி. எல்.ஐ. 150-இலும் அதே 57-க்கு 58. இரண்டாம் வரிசை டி.வி. 175: போர் 62, ஸ்ட்ரோக் 58, 175 சி.சி. 1963-இல் வந்த டி.வி. 200: போர் 66, ஸ்ட்ரோக் 58, 198 சி.சி. 1969-இல் வந்த கடைசிப் பெரிய வண்டி ஜி.பி. 200-இலும் 66-க்கு 58.

ஜே வரிசை போன்ற சின்ன வண்டிகளைத் தள்ளிவிட்டுப் பெரிய லாம்ப்ரெட்டாக்களை மட்டும் வரிசையாக நிறுத்தினால், முதலிலிருந்து கடைசிவரை போர்தான் மாறிக்கொண்டே வருகிறது, ஸ்ட்ரோக் 58-இல் ஆணியடித்தாற்போல நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு வண்டி மட்டும் 60-க்கு 60 என்று விலகி நிற்கிறது. அதுதான் நம் வண்டி.

பரம்பரை வழக்கத்தை ஒரு முறை மீறிப் பார்த்தார்கள், கை சுட்டது, திரும்பி வந்தார்கள். அந்த மீறலிலிருந்து செயினையும் நான்கு கியரையும் பெரிய சக்கரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ரோக்கைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தார்கள். அதனால்தான் இதைத் தோற்ற வண்டி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் பட்ட பாடு இல்லாவிட்டால் எல்.ஐ. அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

இரண்டாம், மூன்றாம் வரிசைகள் எப்படி?

1959 ஜனவரியில் வந்த இரண்டாம் வரிசையில் எல்.ஐ. குடும்பத்து எஞ்சின். ஹெட்லைட் ஹேண்டில்பாருக்கு ஏறியது. குதிரைத்திறன் முந்தியதைப் போலவே 8.6. சக்தி கூடவில்லை, நிம்மதி கூடியது. 1962-இல் மெலிந்த உடலோடு மூன்றாம் வரிசை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், அதுவும் கேபிளால் இழுபடும் வகை. பெருமளவில் தயாரான ஸ்கூட்டர்களில் டிஸ்க் பிரேக் பெற்ற முதல் வண்டி இது. பிரிட்டன் இறக்குமதியாளர்கள் இன்னும் வேகம் கேட்டதால் டி.வி. 200 பிறந்தது. இந்த மூன்றாம் வரிசையும் 200-உம் புகழ்பெற்றவை, அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

தெருவில் ஒரு வண்டியைப் பார்த்தால் இது முதல் வரிசை டி.வி.தான் என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஹெட்லைட். ஹேண்டில்பாரில் இருந்தால் முதல் வரிசை இல்லை, அதோடு விட்டுவிடலாம். முன்கூட்டில் பதித்திருந்தால் இரண்டு வாய்ப்பு: டி.வி. முதல் வரிசை, அல்லது எல்.ஐ. முதல் வரிசை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், சிலர் ஏமாற்றவும் செய்கிறார்கள். எல்.ஐ. வண்டிக்கு நீள சீட்டும் டி.வி. எழுத்தும் மாட்டுவது கடினமில்லை.

அடுத்து முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் பின்னால் மாட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கடைசிச் சாட்சி எஞ்சின்தான். பக்கவாட்டு மூடியைத் திறந்து எஞ்சின் கூட்டைப் பாருங்கள். எல்.ஐ. எஞ்சினை ஒரு முறையாவது கழற்றிப் பூட்டிய மெக்கானிக் உடன் இருந்தால், 'இது வேறு' என்று அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். சிலிண்டரைக் கழற்றும் வாய்ப்புக் கிடைத்தால் ஸ்ட்ரோக்கை அளந்துவிடலாம். 60 என்று வந்தால் சந்தேகமே இல்லை.

எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். லாம்ப்ரெட்டாக்களில் பொதுவாக அவை ஒன்றாக இருப்பதில்லை. வேறுபட்ட எண்ணைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பதும், எண்ணை அழித்து ஒன்றாக்குவதும் இரண்டுமே தவறு.

லக்னோவில் செய்த விஜய் சூப்பருக்கும் இதற்கும் என்ன உறவு?

நேரடி வாரிசு உறவு இல்லை. பெரியப்பா வீட்டு உறவு என்று சொல்லலாம்.

மிலானில் லாம்ப்ரெட்டா தயாரிப்பு 1971-இல் நின்றது. அந்த இயந்திரங்களையும் பெயருரிமையையும் இந்திய அரசு வாங்கியது. 1972-இல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் உருவாகி, லக்னோவில் ஆலை எழுந்து, 1975-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. உள்நாட்டில் விஜய் என்ற பெயரில் விற்றார்கள், வெளிநாட்டுக்கு லாம்ப்ரெட்டா ஜி.பி. என்ற பெயரிலேயே அனுப்பினார்கள். அங்கே ஸ்கூட்டர் உற்பத்தி 1997 வரை நடந்தது. அதற்கு முன்பே பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா (ஏ.பி.ஐ.) நிறுவனம் உரிமம் பெற்று லாம்ப்ரெட்டா செய்து வந்தது. பெயருரிமை லக்னோவுக்குப் போன பிறகு அதே வண்டி 'லாம்பி' ஆனது.

லக்னோ எஞ்சின் ஜி.பி. எஞ்சின், அதாவது எல்.ஐ. எஞ்சினின் வழித்தோன்றல். 1958-இல் முதல் டி.வி. எஞ்சினைத் தூக்கிவிட்டு எதை வைத்தார்களோ, அது கண்டம் தாண்டி வந்து 1997 வரை, ஏறத்தாழ 39 ஆண்டுகள் மூச்சு விட்டது. தூக்கி எறியப்பட்டதோ ஓராண்டு சொச்சத்தில் முடிந்தது. ஒரே ஆலையில், ஒரு வருடத்துக்குள் பிறந்த இரண்டு எஞ்சின்களுக்கு இவ்வளவு வேறுபட்ட தலையெழுத்து. விஜய் சூப்பர் ஓட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமானது இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் லக்னோ உதிரிபாகங்கள் இதற்குப் பொருந்துமா?

எஞ்சினுக்குப் பொருந்தாது. எல்.ஐ. முதல் ஜி.பி. வரை பேரிங், கிளட்ச் தட்டு, கியர் என்று எவ்வளவோ பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். உலகம் முழுக்கப் பழைய லாம்ப்ரெட்டாக்கள் இன்னும் ஓடுவதற்கு அதுவே காரணம், லக்னோ பாகங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பந்தியில் முதல் டி.வி.க்கு இலை கிடையாது. பிஸ்டன், கிராங்க், கியர் எல்லாம் இதற்கென்றே தேட வேண்டும், அல்லது நல்ல லேத் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். 10,000 வண்டிக்காகப் பாகங்களைப் பெருமளவில் மறுபடி செய்ய யார் முன்வருவார்கள்? வண்டியின் அரிய தன்மைக்கும் அதை ஓட்டி வைத்திருப்பதன் கஷ்டத்துக்கும் காரணம் ஒன்றேதான்.

கேபிள், டயர், டியூப், பல்பு போன்ற பொதுவான சாமான்களில் பிரச்சினை இல்லை. 3.50-10 டயர் இன்றும் எளிதாகக் கிடைக்கும் அளவு.

பல ஆண்டு நின்ற வண்டி கிடைத்திருக்கிறது. உடனே கிக்கரை உதைத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்த அவசரத்தில் போன எஞ்சின்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் ஒரு பம்புதான். பெட்ரோல் கலந்த காற்று முதலில் அங்கே வந்து, அழுத்தம் ஏறி, பிறகுதான் சிலிண்டருக்குப் போகும். கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் ரப்பர். ஆண்டுக்கணக்கில் நின்றால் காய்ந்து இறுகிவிடும். ஒரு பக்க சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது என்பதால் பிஸ்டனுக்குப் போகும் மசகும் குறையும். வண்டி முதலில் நன்றாகத்தான் ஓடும், வழக்கத்தைவிட வேகமாகக்கூட ஓடுவது போலத் தோன்றும். பத்து நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மறுபக்க சீல் போனால் கியர் பெட்டியின் எண்ணெய் உள்ளே இழுபட்டு, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். அது குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிகிற எச்சரிக்கை.

ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு ஊற விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, கிராங்க் சுழல்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு எஞ்சினை இறக்கி சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றும்வரை பெட்ரோல் ஊற்றவே வேண்டாம். வேறு வண்டி என்றால் ஒரு பிஸ்டன் போனது என்று வாங்கி மாட்டிவிடலாம். இதில் அது நடக்காது.

பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுமா?

ஆம். தனி ஆயில் பம்பு கிடையாது, டாங்கிலேயே கலக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். அவற்றைப் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பெயின்ட் அடித்துப் புதிதாக்குவதா, இருக்கிறபடி விடுவதா?

பழைய பெயின்ட் பாதியாவது இருந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. தகடு ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் செய்துதான் ஆக வேண்டும், அதில் வாதமில்லை. ஆனால் ஆலையில் அடித்த பெயின்ட் ஒரு முறைதான் இருக்கும். எந்த மூலையில் எவ்வளவு அடித்தார்கள், எந்தத் திருகுக்கு என்ன முலாம் என்பதை அடுத்தவர் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

எஞ்சின் தொல்லை தாங்கவில்லை. எல்.ஐ. அல்லது ஜி.பி. எஞ்சினை ஏற்றிவிடலாமா?

அப்படி மாற்றிய வண்டிகள் உண்டு. ஓட்டத்தான் வேண்டும், பாகம் கிடைக்கவில்லை என்பவரைக் குறை சொல்ல மாட்டேன். நின்றே துருப்பிடிக்கும் வண்டியைவிட ஓடுகிற வண்டி மேல். இன்னொசென்டியே இரண்டாம் வரிசையில் செய்தது அதைத்தானே.

ஆனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தை அறுத்தோ, பிடிமானத்தை வெட்டி வெல்டு வைத்தோ எஞ்சினை ஏற்றாதீர்கள். இன்று செய்யும் மாற்றத்தை நாளை இன்னொருவர் போல்ட்டைக் கழற்றியே திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். அடுத்து, இறக்கிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிராங்க் பிடித்துப் போயிருக்கலாம், கூடு விரிசல் விட்டிருக்கலாம். அதன் கியர்களில் ஒன்று உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கும் ஒரு வண்டியை எழுப்பக்கூடும். உள்ளே நன்றாக ஆயில் பூசி, துளைகளைத் துணியால் அடைத்து, ஈரம் படாத பெட்டியில் வைத்து, மேலே 'டி.வி. 175, முதல் வரிசை, 60-க்கு 60' என்று அழியாத மையால் எழுதி வையுங்கள்.